கடைக்குள்ளே மாடிப்படி

அந்தக் கடைவீதியில் கல்வளைவு வைத்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். கட்டியவர் மாடிக்காவின் மாமனார். கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. வீட்டுக்கு ஏறும் படியை மனிதர் கடைக்குள்ளேயே வைத்துவிட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே வீட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்கலாமே! மருமகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் போனார், ஜவுளிக்கடையும் போனது. இரும்புக்கடை வந்தது, பிறகு தபால் ஆபீஸ், பிறகு செருப்புக்கடை. வந்தவர்கள் ஆளுக்கொரு சுவரை இடித்தார்கள், ஆளுக்கொரு நிறம் அடித்தார்கள். படியை மட்டும் யாரும் தொடவில்லை. கணவர் காலமான பிறகு மாடிக்காவுக்கு அந்த வழிதான் உலகம். காய்கறிப் பையோடு கடைக்குள் நுழைந்தால் படியை எட்டுவதற்குள் பொழுது போய்விடும். தபால் ஆபீஸ் காலத்தில் மணியார்டர் பாரம் எழுதத் தெரியாதவர்கள் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். செருப்புக்கடையில், எந்த ஜோடி என்று அம்மாவும் மகளும் மல்லுக்கு நின்றால் தீர்ப்பு அவளுடையது. மாடி அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவள் மாடிக்கா. பெற்ற மகளோ வெளியூரில் இருந்தாள். எப்போதாவது போன் வரும், அதுவும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பாதியில் நின்றுவிடும்.

செருப்புக்கடைக்காரர் ஈ ஓட்டி அலுத்துப் போய் ஷட்டரை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு கூடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது. மாடிக்கா ஷட்டரைத் தானே தூக்கி, இருட்டில் தன் காலடிச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நடப்பாள். பயமெல்லாம் இல்லை. பேச ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

ஆகவே மருந்துக்கடைக் கம்பெனி வாடகைக்குக் கேட்டபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இடத்தைப் பார்க்க வந்த இன்ஜினீயர் நல்ல மாதிரி.

"அம்மா, இனிமே நீங்க கடைக்குள்ள புகுந்து வர்ற கஷ்டமே வேணாம். பின்பக்கம் உங்களுக்குன்னு தனியா இரும்புப்படி போட்டுத் தர்றோம். எல்லாம் எங்க செலவு."

"அப்போ இந்தப் படி?"

"அடைச்சிடுவோம். வெளியாளுங்க உள்ள நடமாடக் கூடாதுன்னு கம்பெனில சொல்றாங்க. உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்லுங்கம்மா, பேசிப் பாக்கறேன். உங்க கட்டடம்தானே."

இந்த வழியில்தான் எனக்கு மனுஷங்க இருக்காங்க. இந்தச் சொல் தொண்டை வரை வந்தது. முன்பின் தெரியாத பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? இந்த வயதில் பேச்சுத் துணைக்குக் கையேந்துவதா?

"எனக்கும் அதுதாம்பா வசதி" என்றாள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவள் சிரித்த முகத்தோடு அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். வறட்டு கௌரவம்! அவளை இரண்டு வார்த்தை திட்டவேண்டும் போலத்தான் இருக்கிறது.

கல்வளைவைக் கம்பெனியின் பெயர்ப்பலகை மூடியது. மர உத்தரங்களுக்குக் கீழே வழவழவென்று வெள்ளைக் கூரை வந்தது. படியடியில் கொத்தனார் செங்கல் அடுக்கியபோது மாடிக்கா மேல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்த வெளிச்சம் வரிசை வரிசையாகக் குறைந்தது. கொஞ்சம் பொறுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்க வெட்கம்.

புதுப்படி உறுதியாகத்தான் இருந்தது. அது இறங்குகிற சந்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளியே போய்த் திரும்பினாலும் வாயைத் திறக்கிற வேலை வராது.

ஒரு நாள் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றி வந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வராத தலைவலிக்கு மாத்திரை கேட்டாள். கவுன்டரில் இருந்த பெண் சிரித்தபடி எடுத்துக் கொடுத்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி வெயில்ல அலையறீங்க? போன் பண்ணா வீட்டுக்கே கொண்டாந்து குடுப்போம். வீடு எங்க?"

"இங்கதாம்மா. மேல."

அந்தப் பெண் அண்ணாந்து வெள்ளைக் கூரையைப் பார்த்தாள். "மேல வீடா? நாங்க குடோன்னுல்ல நெனச்சோம்! ஒரு பேச்சுச் சத்தம்கூடக் கேட்டதில்லையே!"

"பேச ஆளில்லம்மா" என்றாள் மாடிக்கா. அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் பின்னால் நின்றவர் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டார். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆன்ட்டி" என்றாள்.