கழுவாமல் வைத்த சட்டை

கண்காட்சிக் கூடமே அதிரும்படி அலாரம் அலறியது. காப்பிக் கோப்பையும் கையுமாக நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தடுப்புக் கயிற்றைத் தாண்டிப்போய், மேசைமேல் விரித்திருந்த வெள்ளைச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி நின்றாள் செல்வமலர்.

கறை எங்கே என்று முதலில் தமிழில் கேட்டாள். பிறகு டேனிஷில் கேட்டாள்.

டென்மார்க்கில் ஹேர்னிங் நகருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர் அருங்காட்சியகம் அது. 1945இல் ஜெர்மன் படை வெளியேறிய கையோடு, இதே கூடத்தில் ஊர்க்காரர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். போர் ஓய்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். சித்திரவதைக் கருவிகள், புதைகுழிப் படங்கள், தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆசிரியர் ஒருவரின் மேலங்கி என்று எதையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை. அதைத்தான் இப்போது அப்படியே திரும்ப அமைத்திருந்தார்கள். பக்கத்து மேசைகளில், பிற்காலப் போர்களுக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்தவர்கள் கொடுத்த பொருட்கள்.

செல்வமலர் கொடுக்கவே மாட்டேன் என்று நின்றவள்தான். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டுச் செத்த தம்பி கஜதீபனின் சட்டை அது. முகாமுக்குள் மடியில் ஒளித்து வைத்திருந்து அம்மா அனுப்பியது. அந்த ஆசிரியரின் மேலங்கிக்குக் கீழே இருந்த பழைய அட்டைதான் அவள் மனத்தை மாற்றியது. 'தாயின் விருப்பப்படி கழுவாமல் வைக்கப்பட்டுள்ளது' என்று அந்தக் காலத்திலேயே தட்டச்சில் அடித்திருந்தார்கள். அம்மாவும் கழுவவில்லையே என்று நினைத்தாள். சம்மதித்தாள்.

இன்றைக்கு வந்து பார்த்தால், மேலங்கியில் எண்பது வருடத்துச் சேறும் இரத்தமும் அப்படியே இருக்கின்றன. தம்பியின் சட்டை கலியாண வீட்டுக்குப் போடலாம் போலப் பளிச்சென்று கிடக்கிறது. தோளுக்குக் கீழே ஓட்டை மட்டும் மிச்சம். வெறும் ஓட்டையை எவன் நம்புவான்? ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று சொல்லிவிட்டுப் போவான்.

பொறுப்பாளர் பிர்கிட் அலாரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். செல்வமலர் அவரை மூச்சுவிட விடவில்லை.

"உங்கட ஆளின்ரை இரத்தம் சாட்சி, எங்கட ஆளின்ரை இரத்தம் ஊத்தையோ?"

ஆத்திரத்தில் தமிழில் கேட்டுவிட்டு, அதையே டேனிஷில் இன்னும் உரக்கக் கேட்டாள். பதினாறு வருடமாக எந்த நாடும் விசாரிக்காத சாவு இது, மிஞ்சியிருந்த ஒரேயொரு அத்தாட்சியையும் சவுக்காரம் போட்டு அழித்துவிட்டீர்களே என்றாள். பிர்கிட்டின் முகம் சிவந்தது. இங்கே எவரும் கழுவவில்லை என்று மெல்லச் சொன்னார். பொருட்களை வாங்கும்போதே படம் எடுத்துவிடுவது வழக்கமாம். கணினியில் படத்தைத் திறந்து காட்டினார்.

சட்டை அன்றைக்கே வெள்ளையாக இருந்தது. நான்காக மடித்து, மடிப்புக் கலையாமல் அயன் பண்ணியிருந்தது.

செல்வமலர் சட்டையை மேசையில் வைத்தாள். சட்டையைக் கொடுத்த அன்று அவளுக்குப் பராமரிப்பு இல்லத்தில் காலை வேலை. கொண்டுவந்து கொடுத்தவர் கணவர் தவராஜா. வீட்டில் அயன் பண்ணுகிறவரும் அவர்தான். அலாரம் அடித்ததிலிருந்து அவர் கதவோரம் நின்று தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

அவர் குனிந்தபடியே சொன்னார்.

"வெள்ளைக்காரர் பாக்கிற இடத்திலை ஊத்தையோடை எப்பிடி வைக்கிறது, மலர்? முதல்தரம் கறை போகேல்லை, மெஷினை அறுபது டிகிரியிலை வைச்சு ரெண்டாந்தரமும் போட்டனான்."