கீழ்வீட்டின் இருபத்தாறு விநாடி

பிசியோதெரபி படிப்பின் கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து சமர்ப்பிக்க வேண்டும். அந்த மாணவி எடுத்துக்கொண்டது முதியவர்களின் சமநிலையை. அறுபதைத் தாண்டிய பெண்கள் முப்பது பேர். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு ஆறு வாரம் வீட்டிலேயே செய்யும் பயிற்சி. மீதிப் பேருக்கு, கீழே விழாமல் இருப்பது எப்படி என்று அச்சடித்த ஒரு தாள் மட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்கவைத்து எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. அதனால் ஸ்டாப்வாட்சைத் தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்திருந்தாள்.

முப்பது பேரைப் பிடிப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கல்லூரியைச் சுற்றி நான்கு தெருக்களில் கதவு கதவாகத் தட்டி, இருபத்தெட்டில் வந்து நின்றபோதுதான் மூலைவீடு கிடைத்தது. கீழே மூத்தவர், மாடியில் இளையவர். இருவரும் ஓரகத்திகள். மாடி கட்டும்போது அவர்களின் கணவர்களான அண்ணன் தம்பிக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தது. அவர்கள் இருவரும் போய்ச்சேர்ந்த பிறகும் மனைவிமார் அதை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தார்கள். பேச்சுவார்த்தை அறுந்து பதினோரு வருடம்.

"மேல்வீட்டுக்காரி ஒத்துக்கிட்டாளா?" என்று முதலில் கேட்டார் மூத்தவர்.

"ஆமாம்மா."

"அப்ப என் பேரையும் எழுதிக்கோ."

ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றதும் வழிகாட்டியான பேராசிரியை முகம் சுளித்தார். "ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் செஞ்சிடுவாங்களே."

"மேடம், அவங்க மூஞ்சி குடுத்துக்கூடப் பேசிக்க மாட்டாங்க."

"அப்படின்னா சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சீட்டில் இளையவருக்குப் பயிற்சி வந்தது, மூத்தவருக்குத் தாள்.

"அவளுக்கு எக்சர்சைஸ், எனக்குக் காகிதமா?"

"சீட்டுல அப்படித்தான்மா விழுந்தது. ஆறு வாரம் முடிஞ்சதும் உங்களுக்கும் சொல்லித் தர்றேன்."

"அதுவரைக்கும் நான் விழாம இருந்தா" என்று தாளை நான்காக மடித்து மிக்ஸிக்கு அடியில் செருகினார்.

முதல் அளவில் இளையவர் ஒன்பது விநாடி நின்றார். மூத்தவர் ஏழு.

பயிற்சி ஒன்றும் கடினமில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலை மடக்கி மறுகாலில் நிற்பது, கயிற்றில் நடப்பதுபோல் ஒரு பாதத்தின் முன்னால் மறுபாதத்தை ஒட்டி வைத்து நிற்பது. திட்டப்படி முதல் இரண்டு வாரம் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் விரல்நுனி மட்டும் மேடையைத் தொடலாம். கையை எடுப்பது ஐந்தாவது வாரத்தில்தான்.

வாரம் ஒருமுறை மாணவி வீட்டுக்கு வந்து பார்த்தாள். மூன்றாவது வாரக் கடைசியிலும் இளையவரிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ஆறு வாரம் முடிந்து இரண்டு குழுவும் ஒரே மாதிரி வந்து நின்றால் என்ன எழுதுவது என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது.

"இனிமே மேடையைத் தொடாம செஞ்சு பாருங்கம்மா" என்றாள்.

"விழுந்துட மாட்டேனே?"

"மாட்டீங்க. பக்கத்துலதானே மேடை இருக்கு."

சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், இது ஒரு வாரத்துக்கும் மேல் முந்திச் சொன்னது என்று. குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் இளையவர் ஃபோனிலேயே தட்டிக்கழித்தார். ஒருமுறை வீட்டில் விருந்தாளி, ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கிறார்கள். "பயிற்சியெல்லாம் ஒழுங்கா நடக்குது கண்ணு, நீ கவலைப்படாத" என்றார். மாணவியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாவது வார முடிவில் முப்பது பேரும் கல்லூரிக்கு வந்து நின்று அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். மாலையில் அளவு எழுதிய தாள்களைப் பிரித்தபோது இளையவருக்குப் பன்னிரண்டு விநாடி என்றிருந்தது. மூத்தவருக்கு இருபத்தாறு.

"தாள் மாறிப்போச்சா?" என்று தோழியைக் கேட்டாள்.

"நானும் நம்பல. மறுபடி நிக்கச் சொன்னேன். இருபத்தேழு. 'போதுமா, இன்னும் நிக்கட்டுமா'ன்னு என்னையே கேக்கறாங்க."

மறுநாள் காலை முன்கூட்டிச் சொல்லாமல் மூலைவீட்டுக்குப் போனாள். கீழ்க்கதவு பூட்டியிருந்தது. மாடிப்படியில் பாதி ஏறும்போதே எண்ணிக்கை கேட்டது. இரண்டு குரல்கள். சமையல் மேடைக்கு முன்னால் மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். இளையவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு வந்தபோது முழுக்கை ரவிக்கை மறைத்திருந்த அவர் முழங்கையில், கன்றிப்போன அடையாளம் மஞ்சளாக மங்கிக் கிடந்தது.

அவளைப் பார்த்ததும் எண்ணிக்கை பதினெட்டில் நின்றுபோனது.

"கையில என்னம்மா?"

இளையவர் முந்தானையை இழுத்து முழங்கையை மூடினார். மூத்தவர்தான் காலை ஊன்றிக்கொண்டு சொன்னார். "நாலாவது வாரம். மேல தொம்முனு ஒரு சத்தம். அப்புறம் ஒரு சத்தத்தையும் காணோம். சத்தம் வந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஏறி வந்து பாத்தா மேடைக்குக் கீழ உக்காந்திருக்கா, பூனை மாதிரி."

"எலும்பு ஒண்ணும் ஆகல" என்றார் இளையவர் அவசரமாக. "பயம்தான் பிடிச்சுக்கிச்சு. தனியா நிக்கவே வரல. அதான் அக்கா காலையில வந்து பக்கத்துல நின்னாங்க."

"சும்மா எவ்வளவு நேரம் நிக்கறது? நானும் காலைத் தூக்கினேன். இவ வாயால எண்ணுவா, செய்யறது பூராவும் நான்தான்."

"ஏன்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

இளையவர் தரையைப் பார்த்தார். "கையைப் பிடிக்காம செய்யச் சொன்னது நீதானே. வெளிய தெரிஞ்சா உன் படிப்புக்கு ஏதாவது வந்துடுமேன்னு…"

மாணவி அவர் கையைப் பிடித்தாள். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். வலி இல்லை. ஆனாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே அழைத்துப் போனாள். முறிவு இல்லை. காத்திருக்கும் இடத்தில் ஓரகத்திகள் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப பேசிக்கறீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"காலைத் தூக்கி எண்ணற அந்தக் கால்மணி நேரம் மட்டும்" என்றார் மூத்தவர். "மனசுக்குள்ள எண்ணினா இவ ஏமாத்திடுவா."

தோழி எளிதான வழி ஒன்றைச் சொன்னாள். "ரெண்டு பேரும் பாதியில நின்னுட்டாங்கன்னு எழுதிடு. இருபத்தெட்டு பேர் போதும்." மாணவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டால் பயிற்சிக் குழு தெளிவாக முந்தி நின்றது. இரண்டு நாள் அந்த எண்களையே திறந்து திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பேராசிரியை அறைக்குப் போனாள்.

அவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"எப்ப கையை எடுக்கச் சொன்ன?"

"மூணாவது வாரக் கடைசியில, மேடம்."

"திட்டத்துல?"

"அஞ்சாவது வாரம்."

"எத்தனை பேர்கிட்ட?"

"நாலு பேர். மத்த மூணு பேர் விழல."

"விழலேன்னு உனக்கு எப்படித் தெரியும்? இவங்க விழுந்ததே தெரியலையே." அனுமதித் தாளை எடுத்துப் பார்த்தார். "அவங்க பேசிக்க மாட்டாங்கன்னு நீ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டது நான். அதையும் சேர்த்து எழுது. இன்னைக்கே."

ஆய்வு நெறிக் குழுவில் ஏழு பேர் உட்கார்ந்து அவளை ஒரு மணி நேரம் கேட்டார்கள். ஆய்வில் இருந்த முப்பது பேரையும் ஆசிரியர் ஒருவர் நேரில் போய்ப் பரிசோதிக்க வேண்டும், ஆய்வு ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று தீர்மானித்தார்கள். அவள் அம்மா ஃபோனில் முதலில் அழுதார், பிறகு திட்டினார். "கூடப் படிச்சதுங்க எல்லாம் வேலைக்குக் கிளம்பிடுச்சு. நீ ஒருத்தி மட்டும் உண்மை பேசி உக்காந்திரு" என்று வைத்துவிட்டார். அரைமணி கழித்து அவரே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

வேறு யாரும் விழுந்திருக்கவில்லை. ஆனால் வீடு வீடாகப் போனபோது வேறு சங்கதிகள் வெளியே வந்தன. பயிற்சிக் குழுவில் ஒருவர் ஒருநாள்கூடச் செய்யாமல் அட்டவணையில் தினமும் டிக் போட்டிருந்தார். தாள் குழுவில் இருவர் டீவியைப் பார்த்து இதையே செய்துகொண்டிருந்தார்கள். சீட்டில் விழுந்த குழுவிலேயே எல்லோரையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்பது விதி. அப்படிப் போட்டதில் இரண்டு குழுக்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியே எழுதினாள். திட்டத்தை மீறித் தான் அவசரப்பட்டதையும், அதன்பிறகு ஒருவர் விழுந்ததையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்தவர் அந்த இரண்டு பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்.

"அந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் இருபத்தாறு? பக்கத்துல ஆள் இருந்ததாலயா?"

"இருக்கலாம் சார். ஆனா என் ஆய்வு அதைக் காட்டல. ஒரே ஒருத்தரை வெச்சு என்னால சொல்ல முடியாது."

"உனக்கு என்ன தோணுது?"

"ஓரகத்தியைவிட ஒரு விநாடியாவது கூட நிக்கணும்னு நெனச்சிருப்பாங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை. மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது, தேறிவிட்டாள்.

செய்தி சொல்ல மூலைவீட்டுக்கு ஃபோன் செய்தபோது இளையவர் எடுத்தார். முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டதால் பயிற்சி இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் என்றார். மற்ற நாட்களில் அக்கா மேலே வருவதில்லை, இவரும் கீழே போவதில்லை. "நீ பாஸாயிட்டேன்னு நாளைக்குத்தான் அவங்ககிட்ட சொல்லணும்" என்றார். "இன்னைக்கு லீவு நாள்."