வார்னிஷ் பூசிய ஓடு

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் சமையலறை ஜன்னல் மரச்சாமான் பாலீஷ்காரர் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தபடி இருக்கிறது, அவ்வளவுதான். ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லை.

பாலீஷ்காரரின் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவள் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் அந்தத் தட்டல் ஆரம்பித்தது. சரியாகக் காலை ஏழு மணிக்கு, டொக், டொக். அண்ணி இருந்தபோதும் அதே நேரத்தில்தான் தன் ஆமையின் ஓட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "எந்திரிடா சோம்பேறி" என்று எழுப்புவாள். பிறகு கிழக்கு பார்த்த சுவரோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இருவரும் வெயில் காய்வார்கள். ஒருநாள் அந்த நாற்காலியிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணிதான் தட்றா" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"செத்த பிறகாவது அவங்களை உன் வாயிலேர்ந்து விடக் கூடாதா?"

ஜன்னலிலிருந்து பார்த்தால் தகரக் கூரைதான் தெரிந்தது; ஏணி கேட்கிற சாக்கில் போனேன். வீட்டில் எங்களுக்கு இரண்டு ஏணி இருக்கிறது. கொல்லையில் வெயில் விழும் பாதியைப் பலகை அடித்து மறைத்திருந்தார் மனிதர். நாற்காலி அந்தப் பக்கம். ஆமைக்குத் தகரக் கூரையின் கீழ், தண்ணீர்க் குழாயோரம் புதுக் குடித்தனம். அதன் முதுகு கல்யாண பீரோ மாதிரி மின்னியது.

"என்னண்ணே, இதுல முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம் போலிருக்கே?"

"ஓடு வெளுத்து உரிய ஆரம்பிச்சுதும்மா. ரெண்டு கோட்டு வார்னிஷ் போட்டேன். எத்தனை மேசையைக் காப்பாத்திருக்கேன், இதைக் காப்பாத்த மாட்டேனா?"

பதினைந்து நாளில் ஆமை கீரையைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஓட்டின் விளிம்பை அழுத்தினால் விரல் உள்ளே போனது. அவர் என் ஜன்னலுக்கு வந்து, "இதுவும் போயிடுமாம்மா?" என்று கேட்டபோது எனக்கே கேலி வரவில்லை.

கால்நடை மருத்துவரம்மாவை நான்தான் அழைத்து வந்தேன். வந்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"எந்த மகராசன் இதுக்கு வார்னிஷ் அடிச்சது?"

பாலீஷ்காரர் கூரையைப் பார்த்தார்.

"இது மரமில்லைங்க, உயிருள்ள எலும்பு. வெயிலும் படாம மூடி, ஈரத்துலயும் வச்சிருக்கீங்க. காய்ஞ்ச மண்ணு வேணும், காலை வெயில் நேரா விழணும், ஒதுங்க ஓரமா நிழல் வேணும். சுண்ணாம்புச் சத்துக்குத் தின்ன கணவாய் ஓடு போடுங்க. வார்னிஷைக் கரைக்கத் தின்னரைக் கையால தொடாதீங்க, நானே எடுக்கறேன். வெயில் விழற இடம் இந்த வீட்டுல இல்லவே இல்லையா?"

"இருக்கே..." என்று நான் வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். எங்கள் தெருவில் இதை யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போது ஆமை மெல்ல நகர்ந்து போய்ப் பலகையில் முட்டியது. டொக், டொக். மணி ஏழு.

இதுதானா அந்தச் சத்தம் என்று நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

மருத்துவரம்மா வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாள். வார்னிஷ் ஏடு ஏடாகக் கிளம்பியது. ஒரு ஏட்டுக்குள் முழ நீளத்தில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. பாலீஷ்காரர் தலையில் இருப்பது மை பூசிய அரை அங்குலம்.

"துடைச்ச துணி அண்ணியோட பழைய புடவையா இருக்கும்" என்றேன்.

"புதுத் துணிம்மா. அன்னிக்குத்தான் கிழிச்சேன்." முடியைப் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே பலகைகளைப் பிடுங்கினார். ஆமை இடம் வலம் பார்க்காமல் நடந்து, நாற்காலியின் காலடியில் விழுந்த வெயிலில் போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் விளிம்பு கெட்டியானது. ஓட்டின் பளபளப்பு போய்விட்டது, ஆமைக்குப் பசி வந்துவிட்டது. தட்டல் சத்தமும் நின்றது.

இப்போது தினமும் ஏழு மணிக்கு அவர் ஆமை பக்கத்தில் தரையில் குந்துகிறார். முழங்கால் வலிக்காரர். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, நாற்காலி சும்மாதானே கிடக்கு? மேல உக்காரலாமே?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னை.

"இடமில்லம்மா" என்றார்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். கொக்கி மட்டும் போடவில்லை.