லக்ரிட்ஸுக்கு மூச்சு முட்டியபோது

எஸ்பியர்க் துறைமுகத்துப் பேக்கரியில் என்னோடு ரொட்டி சுடும் இங்கெபோர்க், மண்புழுவைக் கண்டாலே அலறுவாள். அவள் கணவன் பிரெபென் வளர்த்ததோ மலைப்பாம்பு. பெயர் லக்ரிட்ஸ். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைக்கு அவன் வேலைக்குப் போய்விட்டால், தண்ணீர்க் கிண்ணத்தை நீளக் கரண்டியால் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிவிடுவதோடு இவள் வேலை முடிந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள், மாவில் கை வைக்காமல் நின்றாள்.

“பாம்பு விசிலடிக்குதுடி. வாயைத் திறந்து கழுத்தைத் தூக்கிட்டே இருக்கு. மூக்குல நுரை.”

பிரெபெனைப் போனில் பிடித்தோம்.

“நெஞ்சுல சளி கட்டினா பிழைக்கறது கஷ்டம். நீ தொடவும் மாட்ட. விடு, நான் வந்து பாத்துக்கறேன்.”

“நீ வர்றதுக்குள்ள அது செத்துடும். வைடா போனை!”

என்னையும் வீட்டுக்கு இழுத்துப் போய், பேக்கரியின் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, பாம்பைத் தலையணை உறைக்குள் போட்டாள். நான் கதவோடு ஒட்டி நின்றேன்.

கால்நடை மருத்துவர் மாரென் சளியைத் துடைத்துச் சோதனைக்கு எடுத்தார்.

“பெட்டி சூடா இருந்துச்சா?”

“கண்ணாடி ஜில்லுன்னு இருந்துச்சு.”

“அதான். சூடாக்குற தகடு கெட்டுப்போயிருக்கும். குளிர்ல இதுங்களால நோயை எதிர்க்க முடியாது. உடனே மாத்துங்க. மூணு நாளைக்கு ஒரு ஊசி போடணும். ஒவ்வொரு தடவையும் இந்தக் குளிர்ல தூக்கிட்டு வரக்கூடாது. நீங்களே போடுவீங்களா?”

இங்கெபோர்க்கின் முகம் வெளுத்தது. “எப்படின்னு காட்டுங்க.”

கையுறையோடு ஊசி பிடிபடவில்லை. கழற்றி எறிந்தாள். வெறுங்கையால் பாம்பின் முன்பக்கச் சதையைத் தடவி, கண்ணீர் வழிய வழிய ஊசியைப் போட்டாள்.

அடுத்த வாரம் புயலில் மதியமே மின்சாரம் போனது. புதுத் தகடும் அணைந்திருக்குமே என்று வெந்நீர்க் குடுவைகளோடு அவள் வீட்டுக்கு ஓடினேன். சோபாவில் இங்கெபோர்க், அவள் போட்டிருந்த பிரெபெனின் கம்பளிச் சட்டைக்குள் பாம்பு, காலர் வழியே அதன் தலை.

“சிரிக்காதடி, கூசுது.”

“பயமா இல்ல?”

“உசுரே போகுது. ஆனா கேளேன், விசில் சத்தம் குறைஞ்சிருக்கு!”

பயம் போனபின் செய்கிறவர்கள் உண்டு. நடுங்கிக்கொண்டே செய்தவளை அன்றுதான் பார்த்தேன்.

ஊசிகள் முடிந்ததும் மாரென் சோதித்துவிட்டு, நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்றார். பிரெபென் திரும்பிய அன்று, இடுக்கியில் அவள் நீட்டிய எலியை லக்ரிட்ஸ் ஒரே பாய்ச்சலில் பிடித்தது. அவன் தோள் பையைக்கூட இறக்காமல் நின்றான்.

“நீயா ஊசி போட்ட?”

“பின்ன, பேக்கரி முதலாளியா வந்து போட்டாரு? நின்னது போதும். பெட்டியக் கழுவு, நாத்தம் தாங்கல.”