ஒரு பக்கக் கண்ணாடி

பஸ் டிப்போவின் ஓய்வறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் செல்போனில்தான். கைத்தடியோடு ஒரு பெரியவர் கையைக் காட்டியபடி தட்டுத்தடுமாறி வருகிறார், பஸ் நிற்காமல் போகிறது. அவ்வளவுதான் வீடியோ. ஓட்டியவள் டிப்போவின் ஒரே பெண் டிரைவர். எல்லாரும் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறவள்.

“நம்ம மானத்தையே கப்பலேத்திட்டா. சாயங்காலம் கூட்டத்துல, அவளை வேலையை விட்டுத் தூக்கணும்னு தீர்மானம் போடுறோம்” என்றார் சங்கச் செயலாளர்.

மூத்த டிரைவர் மீசைக்காரர் பலமாகத் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? அந்த வீடியோவைக் காலையில் ஊரெல்லாம் அனுப்பிவைத்த புண்ணியவானே அவர்தானே!

மதியம் வீட்டுக்கு வந்தவர் மனைவியிடமும் அதைப் பெருமையாகக் காட்டினார்.

“இதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?” என்றாள் அவள்.

“அதெல்லாம் எதுக்கு? கண்ணாலயே பாக்குறோமில்ல?”

“ஏங்க, உங்க மேல ஒருத்தன் பொய்ப் புகார் குடுத்தப்போ, ‘என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா’ன்னு வீட்டையே ரெண்டாக்குனீங்களே. நீங்க அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து பாப்பாவுக்குப் போன் போட்டார்.

“நீங்களாவது கேட்டீங்களேண்ணே” என்று அழுதாள் அவள். “பின்னாடி ஆம்புலன்ஸ் அலறிட்டு வந்துச்சு. அங்கேயே நின்னா அதுக்கு வழி அடைச்சிருக்கும். அதான் திருப்பம் வரைக்கும் போய் நிறுத்தி, வழி விட்டுட்டு, அவரைப் போய்க் கூட்டிட்டு வந்தேன்.”

அழுகையைக் கேட்டு அதையும் அப்படியே நம்பிவிட அவருக்கு மனமில்லை. நேரே அந்த நிறுத்தத்துக்குப் போனார். அங்கே பழக்கடை வைத்திருக்கும் பெண், டிரைவர் என்றாலே வாரித் தூற்றுகிறவள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

“உங்க ஆளுங்கள்ல ஒருத்தனும் உருப்படி இல்ல” என்றுதான் அவள் தொடங்கினாள். “ஆனா அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. ஆம்புலன்ஸ் போனதும் இறங்கி ஓடியாந்து, பெரியவரைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போச்சு. அவர் பையைத் தூக்கிட்டுப் போனதே நான்தான்.”

சாயங்காலம் கூட்டத்தில், “நீக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க” என்றார் செயலாளர். அறை முழுக்கக் கைகள் எழுந்தன. மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். விசாரித்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“வீடியோவை அனுப்புனதே நீங்கதானே?” என்று சீறினார் செயலாளர்.

“ஆமா, நான்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!”

“சங்கம் முடிவு பண்ணியாச்சு. எதிர்த்தா உங்களுக்கும் இங்க இடமில்ல.”

“இந்தாங்க, வச்சுக்கோங்க!” உறுப்பினர் அட்டையை மேசையில் விட்டெறிந்தார். “ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் பாத்து இங்க யாராவது பஸ்ஸைத் திருப்புவீங்களா? ஆள் செத்துடுவான்னு தெரியுமில்ல? அப்ப ஒரு பொண்ணோட பொழப்புன்னா மட்டும் ஒரு பக்கம் போதுமா? பிடிச்சவங்க சொல்றதையே கேட்டுட்டிருந்தா ஒரு நாளும் உண்மை தெரியாது. பிடிக்காதவங்ககிட்டயும் போய்க் கேளுங்க. அப்புறம் கை தூக்குங்க!”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. செயலாளரின் கை மட்டும் வெகுநேரம் தனியாக நின்றது.