நாக்கின் ஈரம்

சுரங்கக் கொட்டகையில் கற்களைச் சுமந்து பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இருபுறமும் நின்ற பெண்கள் தூசி படிந்த கற்களை எடுத்து, நாக்கு நுனியால் தொட்டு, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியும். தண்ணீர் கேட்டிருந்தார்கள், பெல்ட் வழுக்கும் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார்.

தேடிய கல் கந்தகமும் ஏதோ உலோகமும் கலந்தது. மூன்றாம் சுரங்கத்தின் களிமண் வெடிப்பில் மட்டும் நூல்போல ஓடியது. ஈயச் சாம்பல் நிறம். விளிம்பில் வெளிச்சம் பட்டால் உள்ளே இரத்தச் சிவப்பு. நகம் பட்டாலே கீறல் விழும். சுவையே கிடையாது.

"எல்லாரும் முக்காடு போட்டு நிக்கிறோம். பார்க்கிறவங்க துக்க வீடுன்னு நினைப்பாங்க," என்றாள் பூனைக்கண்ணி. கல்லைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று வைத்த பெயர்.

"எனக்குப் பேன் தொல்லை விட்டுதுடி," என்றாள் பக்கத்தில் நின்ற மூத்தவள், முடி கொட்டிய தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி.

யாரோ சிரித்தார்கள். பூனைக்கண்ணி தன் கைகளைப் பார்த்தாள். பத்து நகங்களிலும், இந்த வேலைக்கு வந்த பிறகு விழுந்த, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. மூத்தவளின் நகங்களிலும். பெல்ட்டின் மேல் நகர்ந்த அத்தனை கைகளிலும் அதே கோடு.

"அக்கா, காலையில பாப்பாவைக் குளிப்பாட்டினேன். முடி மொத்தமும் என் கையோட வந்துடுச்சு. அழவே இல்லைக்கா. என்னையே பார்த்துட்டிருந்தா."

மூத்தவளின் கை நின்றது. "இன்னும் பால் குடுக்கிறியா?"

"ஆமாக்கா. மேஸ்திரிகிட்ட சொல்லவா?"

"போன வாரம் சொன்னவ இப்போ வீட்டுல கிடக்கா. வேலையும் போச்சு, முடியும் வரல."

மூத்தவள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு பூனைக்கண்ணி பெல்ட்டிலிருந்து கல் எடுத்துப் போட்டிருந்த கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இனிமே உன் கல்லையும் நானே நாக்குல வைக்கிறேன். நீ சும்மா கையை ஆட்டிட்டு நில்லு."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆனா?"

"என்கிட்ட பால் குடிக்க யாருடி இருக்கா?"

மதியம் மூத்தவளின் விரல்களுக்கிடையே ஒரு கல் சிவந்தது. கையை உயர்த்தினாள். முகமூடியும் ரப்பர் கையுறையும் போட்ட அதிகாரி இடுக்கியோடு வந்தார்.

"கிட்ட வராதம்மா. மூச்சுக்காத்து பட்டாலே மினுமினுப்பு மங்கிடும்."

கல்லைப் பஞ்சின் மேல் வைத்துக் கண்ணாடிப் பெட்டியை மூடினார். உள்ளே, மூத்தவளின் நாக்கு பட்ட ஈரம் ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.