அடிபட்டவனிடம் கேட்கும் ஐந்து கேள்விகள்

ஏழு வருடமாக என்னிடம் படித்த ஒருவனும் ஃபெயிலானதில்லை. புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் கம்பெனியில் எனக்கு சேஃப்டி உதவியாளர் வேலை. சைட்டுக்குள் புதிதாகக் கால் வைக்கிற எவனும் ஆங்கிலத்தில் இருபது கேள்விக்கு டிக் அடித்துக் கொடுத்தால்தான் கேட் பாஸ். எழுத்துக்கூட்டத் தெரியாதவனையும் நான் தேற்றி அனுப்பிவிடுவேன். ஒன்றுக்கு பி, இரண்டுக்கு டி, மூன்றுக்கு மறுபடி பி. அரை மணி நேரத்தில் மனப்பாடமாகிவிடும். எல்லாக் கம்பெனியிலும் இதுதான் நடக்கிறது, யாரும் இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. ஜெயசீலன் அண்ணன் கிளாஸில் உட்கார்ந்தால் பாஸ் என்று நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் முழுக்கப் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ரக்பி லீக் என்ற ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்கள் தொட்டிகளைப் பரிசோதிக்க வந்த நியூசிலாந்து இன்ஜினியர்தான் புஜைரா அணிக்கு கோச். நவம்பரில் சீசன் தொடங்க வேண்டும். பதின்மூன்று பேர் இறங்க வேண்டிய ஆட்டத்துக்கு அவரிடம் மிச்சமிருந்தது ஒன்பது பேர். மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்து அவரவர் நாட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேம்புக்குப் பின்னால் நம் பையன்கள் கபடி ஆடுவதை வேலி ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சோலைமுத்து ஒரு தடியனைக் கணுக்காலில் பிடித்துச் சாய்த்ததும் மனிதர் இறங்கி உள்ளேயே வந்துவிட்டார்.

சோலைமுத்து முதுகுளத்தூர்ப் பக்கம். சாரம் கட்டுகிறவன், வயது இருபத்தெட்டு, வந்து ஆறு வருடம். கோச் ஆங்கிலத்தில் விளக்கியதை நான் தமிழில் சொன்னேன். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துத் தள்ள வேண்டும். தள்ளியதும் விட்டுவிட வேண்டும். அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னால் உருட்டிவிட, ஆட்டம் தொடரும். ஆறு முறை பிடிபட்டால் பந்து அடுத்த அணிக்கு.

"அவ்வளவுதானாண்ணே? கபடிக்குப் பந்து வாங்கிக் குடுத்த மாதிரில்ல இருக்கு" என்றான்.

அவன், அருள்ராஜ், இன்னும் மூன்று பேர் என ஐந்து பேர் சேர்ந்தார்கள். மொழி தெரிந்தவன் என்பதால் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன், ஜெர்சி துவைக்கப் போடுகிறவன்.

துபாய், அபுதாபி, ஷார்ஜா, புஜைரா என நான்கு அணிகள். முதல் மூன்று ஆட்டத்திலும் எங்களைத் துவைத்து எடுத்தார்கள். நாலாவது ஆட்டத்தில் நம் பையன்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. சோலைமுத்து பிடித்தால் ஆறடி ஆளும் மரமாக விழுந்தான். எங்கள் அணியின் வெள்ளைக்காரர்கள் அவனை 'சோலோ' என்று கூப்பிட்டுத் தோளில் தட்டுவார்கள். அவனும் ஏதோ புரிந்ததுபோல் சிரிப்பான்.

டிசம்பரில்தான் வந்தது வினை. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆளை வெளியே கூட்டி வந்து நர்ஸ் ஐந்து கேள்வி கேட்பார். இது எந்த மைதானம்? இது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு ஆடினீர்கள்? அதில் ஜெயித்தீர்களா? ஒன்று தப்பினாலும் வெளியே. மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாது. அருள்ராஜுக்கு அடிபட்டது தோளில். ஆனால் அந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் மளமளவென்று ஆங்கிலத்தில் கேட்டதும் அவன் பேந்தப் பேந்த விழித்தான். மூன்று வாரம் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் இல்லாமல் இரண்டு ஆட்டம் போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தலை நன்றாக இருக்கிறவனை இங்கிலீஷ் தெரியாத குற்றத்துக்குத் தண்டித்துவிட்டார்களே! கோச்சிடம் போய், கேள்வியைத் தமிழில் கேட்கச் சொல்லுங்கள், நானே மொழிபெயர்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் மறுத்திருக்க மாட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. பதிலைச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

"எலேய், நல்லாக் கேட்டுக்கோங்க" என்று ஐந்து பேரையும் ரூமில் உட்கார வைத்தேன். "மைதானம் பேரு, போன ஆட்டம், ஜெயிச்சமா தோத்தமா, இந்த மூணையும் வண்டியில போகும்போதே மனப்பாடம் பண்ணிரணும். மத்த ரெண்டுக்கும் என்னையப் பாருங்க. நர்ஸுக்குப் பின்னால நிப்பேன். ஒரு விரல் காட்டுனா முதல் பாதி, ரெண்டு காட்டுனா ரெண்டாவது. நெஞ்சத் தொட்டா நம்ம புள்ளி, தொப்பியத் தொட்டா அவன் புள்ளி."

"கேள்வி எந்த வரிசையில வரும்ணே?" என்று கேட்டான் சோலைமுத்து.

"எப்பவும் ஒரே வரிசதான். தாளப் பாத்துத்தான் வாசிக்கா."

ஜனவரியில் இரண்டு பேர் அப்படித் தேறினார்கள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வண்டியில் ஒருவன் நர்ஸ் மாதிரிக் கேட்பான், மற்றவர்கள் கோரஸாகப் பதில் சொல்வார்கள்.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முன் இறுதி ஆட்டம் வைத்திருந்தார்கள். அதில் ஜெயிக்கிற அணிக்கு மஸ்கட்டில் ஒரு ஆட்டம், அங்கேயே ரூவி பகுதியில் இரண்டு நாள் ஹோட்டல். வெள்ளைக்காரர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. சோலைமுத்து ஆறு வருடத்தில் பார்த்தது கேம்ப், சைட், ஏர்போர்ட், அவ்வளவுதான். "ஹோட்டல்ல தனி பெட்டாண்ணே?" என்று என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டான்.

இறுதி ஆட்டத்துக்கு எட்டு நாள் முன்பு அபுதாபியோடு ஆடியபோது அவன் தலையில் ஒரு முழங்கை விழுந்தது. ஐந்து கேள்விக்கும் கடகடவென்று பதில் சொல்லி உள்ளே ஓடினான். மறுநாளிலிருந்து தலைவலி. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்றான். பெனடால் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சாரம் ஏற வேண்டாம் என்று ஃபோர்மேனிடம் காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் ரூமில் படுக்க வைத்தேன். நான் சேஃப்டி உதவியாளன். தலையில் அடிபட்டவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று என் மேஜைக்கு மேலேயே படம் ஒட்டியிருக்கிறது. கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவன் எழுந்து புரோட்டா தின்றதும், சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஷார்ஜா மைதானத்தில் துபாயோடு ஆட்டம். வண்டியில் மூன்று பதிலையும் சொல்லவைத்துப் பார்த்தேன். சுத்தமாகச் சொன்னான்.

இரண்டாவது பாதியில் பதினெட்டுக்குப் பதினாறு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இன்னும் பதினோரு நிமிடம். துபாய்க்காரன் ஒருவனைக் காலில் பிடிக்கப் போனபோது அவன் முழங்கால் சோலைமுத்துவின் நெற்றிப் பொட்டில் இடித்தது. விழுந்தவன் தானாகவே எழுந்தான். ரெஃப்ரி நர்ஸைக் கூப்பிட்டார். அவர் அவனை ஓரத்துக்குக் கூட்டி வந்தார். நான் பாட்டிலோடு போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"எந்த மைதானம்?"

"ஷார்ஜா, மேடம்."

இரண்டு விரல் காட்டினேன். "செகண்ட் ஹாஃப், மேடம்." நெஞ்சைத் தொட்டேன். "புஜைரா, மேடம்." போன ஆட்டம் அபுதாபி. ஜெயித்தோம். ஐந்துக்கு ஐந்து. நர்ஸ் தாளில் டிக் அடித்து ரெஃப்ரிக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அந்த நேரத்தில் வந்தது பெருமைதான். மறைப்பானேன்?

தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, அம்மா எங்கண்ணே உக்காந்துருக்கு? வெயிலாக் கெடக்கு. நெழல்ல உக்காரச் சொல்லுங்க" என்றான்.

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டான்.

அவன் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. லீவு கிடைக்கவில்லை. என் கட்டிலில், என் போனில்தான் தகனத்தைப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். அவன் என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியாது. கோச்சுக்குத் தெரியாது. அந்த மைதானத்தின் ஓரத்தில் அது புரிந்த ஒரே ஆள் நான். கையைத் தூக்கி, நிறுத்துங்கள் என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்னால், பிறகு ஐந்துக்கு ஐந்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பானோ என்று நினைத்தேன். பத்து நிமிடம்தானே என்றும் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். துபாய்க்காரர்கள் ஒருமுறை பிடிபட்டார்கள். இரண்டாவது முறை பிடிபட்டார்கள். நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

சோலைமுத்து பந்தைப் பார்க்கவில்லை. நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் ஓடினேன். "நிறுத்துங்க! அவனுக்கு நெனவு இல்ல! நிறுத்துங்க!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினேன். ஒருவனுக்கும் புரியவில்லை. துபாய் அணியின் பெரிய ஆள் ஒருவன் பந்தோடு நேராக அவனை நோக்கி வந்தான். எனக்கும் சோலைமுத்துவுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. சோலைமுத்து பழக்க தோஷத்தில் குனிந்து கணுக்காலைப் பிடித்தான். பிடி சரியாகத்தான் விழுந்தது. அந்த ஆள் சாய்ந்தான். சோலைமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு கை மட்டும் புல்லில் தட்டிக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ் உள்ளேயே வந்தது. ஆட்டத்தை அத்தோடு முடித்துவிட்டார்கள். முக்கால்வாசி நேரம் ஆடியாகிவிட்டதால் முன்னால் இருக்கிற அணிக்கே வெற்றி என்பது விதியாம். எங்களுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அருள்ராஜ் ஷார்ஜா ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து அதைச் சொன்னபோது அவன் வாயில் அறையலாம் போல இருந்தது. அவனைச் சொல்லி என்ன பயன்!

மண்டைக்குள் ரத்தக் கசிவு, உடனே திறக்க வேண்டும் என்றார் டாக்டர். எகிப்துக்காரர். "இதற்கு முன் தலையில் அடிபட்டிருக்கிறதா? மைதானத்தில் குழப்பமாக ஏதாவது பேசினானா?" என்று கேட்டார். நர்ஸ் தன் தாளை நீட்டினார். "இல்லை டாக்டர், ஐந்தும் சரியாகச் சொன்னான்" என்றார்.

"இல்லை" என்றேன் நான். எட்டு நாள் முன்பு பட்ட அடியையும் தலைவலியையும் சொன்னேன். பெனடாலைச் சொன்னேன். விரல் காட்டியதைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். நர்ஸ் போகவில்லை. என்னை வாய் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லோருக்குமா? சீசன் முழுக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்" என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் நாள் அவன் கண் திறந்தான். தலையில் கட்டு, ஒரு பக்கம் முகம் வீங்கியிருந்தது. ஆறு வருடமாகப் பேசிய இந்தி, மேடம் மேடம் என்று சொன்ன நாலு வார்த்தை இங்கிலீஷ், ஒன்றும் அவனுக்குப் பிடிபடவில்லை. தமிழ் மட்டும் இருந்தது. அதனால் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்பதை அப்படியே தமிழில் கேட்க வேண்டும், அவன் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும், கூட ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியுமல்லவா?

"நீ இப்ப எந்த ஊர்ல இருக்க?" என்று கேட்டேன்.

சோலைமுத்து என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது. லேசாகச் சிரித்தான். அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. டாக்டரை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"என்னண்ணே சொல்லணும்?"

ஷார்ஜா என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அவன் காத்திருந்தான். ஒரு நிமிடம் முழுக்க அந்தச் சிரிப்போடு என் வாயையே பார்த்துக் காத்திருந்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"சொல்லுங்கண்ணே" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது.

என்ன சொல்கிறான் என்று டாக்டர் கேட்டார்.

"அவனுக்குத் தெரியவில்லை, டாக்டர்" என்றேன்.